ஆரம்ப பாடசாலையில் ஒழுங்கும் நன்னடத்தையும்

ஒழுக்கம் என்னுஞ் சொல் ஒழுகுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. நீரொழுக்குப் போல இடையறவின்றி ஒருவன் மேற்கொண்டு நடக்கும் நடையே ஒழுக்கமாகும். ஒருவர் முன்னிலையில் ஒரு பொழுது அடங்கியிருத்தல் ஒழுக்கமாகாது. இச்சொற்பொருளை உரைகல்லாகக் கொண்டு ஆரம்ப வகுப்புகளை நோக்குமிடத்து, ஆசிரியரின் காலடியோசை கேட்டதும் அடங்கி, அவர் வாயிலைக் கடந்ததும் ஆரவாரிக்கும் வகுப்பு, எத்துணை அமைதியுடையதாய்த் தோன்றினும், ஒழுக்கமுடைய வகுப்பென்று கொள்ளத்தக்கதன்று. அங்கே அமைதியைத் தந்தது அச்சம். அச்சத்துக்குரியவர் அகன்றதும் அவ்வமைதியும் உடனகல்வது இயல்பே.

இவ்வேறுபாடு நெடுங்காலமாக ஏட்டளவில் பேசப்பட்டு வந்ததாயினும், இந்நாட்டு ஆசிரியர்க்கு அது நாளாந்தத் தேவையாகிவிட்டது. கல்வியமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கிற்று. 2021ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில், ஆசிரியர் ஒருவர் அறைந்தமையாற் செவிப்புலன் ஊறுபட்ட மாணவன் ஒருவனின் வழக்கிலே, அச்செயல் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை காக்கும் அடிப்படை உரிமையை மீறியதென்று இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரம்பை மேசையினின்றும் அகற்றுதல் ஒரு சுற்றறிக்கையால் இயலும். அது கிடந்த இடத்தில் எதனை வைப்பதென்று சுற்றறிக்கை கற்பிப்பதில்லை. ஆறு வயதுப் பிள்ளைகள் நாற்பதின்மர் முன்னே தனித்து நிற்கும் இளம் ஆசிரியை ஒருவர், பிரம்பும் இன்றி, அதற்கு மாறான பயிற்சியும் இன்றி நிற்பாராயின், அவர் குரலை உயர்த்துவதும், ஏளனஞ் செய்வதும், ஈற்றில் விலக்கப்பட்ட வழிக்கே மீளுவதும் வியப்பன்று. ஆகவே பிரம்புக்குப் பதிலாக வகுப்பைத் தாங்கக்கூடியது யாது என்பது இங்கு ஆராயத்தக்கது.

முன்னோர் முறையை முதற்கண் நோக்குதல் தகும். சென்னை ஆளுநர் தோமஸ் மன்றோ 1822இல் தம் ஆட்சிக்குட்பட்ட மாவட்டங்களின் பள்ளிக்கூடங்களைப் பற்றி விவரந் திரட்டுமாறு பணித்தார். அப்பணிக்கு மறுமொழியாகப் பல்லாரி மாவட்டக் கலெக்டர் காம்பெல் என்பார் 1823 ஓகஸ்டில் விடுத்த அறிக்கை, அக்காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் ஒழுங்குமுறையை நேரிற் கண்டாற்போலக் காட்டுகின்றது. காலையில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையிலே சரசுவதியின் பெயர் எழுதப்படும். அது மதிப்பின் அடையாளம். இரண்டாவதாக வந்த பிள்ளையின் கையிலே சுழி ஒன்று இடப்படும். புகழும் இல்லை, இகழும் இல்லை என்பது அதன் பொருள். மூன்றாவது பிள்ளைக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காவதற்கு இரண்டு, அதன்பின் வருவோர்க்கு ஒவ்வோர் அடி கூடிச் செல்லும். சோம்பிய மாணாக்கனை இரு கையும் கட்டி உத்தரத்திலே கப்பியிட்டுத் தொங்கவிடுதலும், ஓயாது முழந்தாளிட்டு எழச் செய்தலும் அவ்வறிக்கையிற் குறிக்கப்பட்டுள்ளன. தமிழ்த் திண்ணைப் பள்ளிகளிலே இத்தொங்கல் தண்டனை கோதண்டம் என வழங்கிற்று.

இம்முறையிலே கணக்கொன்று மறைந்துள்ளது. முப்பது பிள்ளைகள் பயிலும் பள்ளியில் இறுதியில் வரும் பிள்ளைக்கு இருபத்தெட்டு அடி. முப்பதின்மரும் விடியுமுன் எழுந்து ஓடிவந்தாலும் யாரேனும் ஒருவர் இறுதியில் வந்தே தீரவேண்டும். அவருக்கு அதே இருபத்தெட்டு அடிதான். குற்றத்தின் அளவுக்கும் தண்டனையின் அளவுக்கும் அங்கே தொடர்பில்லை. தொலைவிலுள்ள வீட்டினின்றும் வரும் பிள்ளை, தாய்க்கு நீர் அள்ளிக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளை, இவர்களே நாடோறும் இறுதியில் நின்றிருப்பர் என்று ஊகிப்பதற்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை. எனினும் இம்முறையின் தலைப்பிலே நின்ற அடையாளத்தைக் கருதாது விடலாகாது. சரசுவதியின் பெயரைக் கையிற் பெறுவதற்கு ஒரு பிள்ளை இருளிலே எழுந்து ஓடிற்றென்றால், பிள்ளையின் உள்ளத்தை இயக்கும் ஆற்றல் அடிக்கு மட்டும் உரியதன்று என்பதை அக்கால உபாத்தியாயரும் அறிந்திருந்தார் எனலாம். அறிந்தும் அம்மதிப்பை ஒரு பிள்ளைக்கு மட்டும் வைத்தார். அடியையோ இருபத்தெட்டுப் பேருக்கும் பங்கிட்டார்.

அதே பள்ளிகளிலே, முன்னே கற்றவன் பின்னே கற்பவனுக்குக் கற்பிக்கும் வழக்கத்தைக் காம்பெல் வியந்து பாராட்டினார். தமிழ்ப் பள்ளிகளிலே சட்டாம்பிள்ளை எனப் பெயர்பெற்றவன் இவனே. இவ்வழக்கம் கடல் கடந்தும் சென்றது. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளின் அநாதை விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல், சுதேசப் பள்ளியொன்றிலே சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனையும் மாணாக்கரே மாணாக்கரைக் கற்பிக்கும் முறையையும் தம் பள்ளியிற் கையாண்டார். 1797இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். குற்றஞ் செய்த மாணவனை அவனோடொத்த மாணவரே கூடி விசாரிக்கும் ஏற்பாடும் அவர் பள்ளியில் இருந்தது. இலண்டனிலே ஏறக்குறைய அதே காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பெரும் பள்ளியொன்றை நடத்திய ஜோசப் லங்காஸ்ரர் பிரம்படியை வெறுத்தவர். நற்சீட்டு, பதக்கம், விளையாட்டுப் பொருள் முதலியவற்றைப் பரிசாக வழங்கினார். ஆயின் தவறிழைத்த சிறுவனின் கழுத்திலே மரக்கட்டை பூட்டுதலும், அவனைக் கூடையிலிட்டுக் கூரையிலே தொங்கவிட்டு மற்றையோர் நகைக்கச் செய்தலும் அவர்தம் முறையே. உடலின் நோவை ஒழிக்கப் புகுந்தவர் மானத்தின் நோவைப் புகுத்திவிட்டார். பிரம்பு சென்றபின் அவ்விடத்தில் ஏளனம் வந்தமரும் ஆபத்து எக்காலத்துக்கும் உரியது என்பதற்கு அன்னாரின் கூடை தக்க சான்று.

யாழ்ப்பாணத்திலோ வேறொரு வழி தோன்றிற்று. 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்கென்று எழுதிய பாலபாடங்களிலே எழுத்தறிவோடு நல்லொழுக்கத்தையும் பாடமாகவே அமைத்தார். ஒழுக்கம் கற்பிக்கப்படவேண்டிய பொருள் என்னும் கருத்து இதன்கண் அடங்கியுள்ளது. தண்டிப்பதற்கு முன்னே கற்பித்தல் வேண்டும் என்பது சிறிய கருத்தாகத் தோன்றலாம். எழுத்துப் பிழை விடும் பிள்ளைக்குத் திருத்தமான எழுத்தைக் காட்டும் அதே ஆசிரியர், நடத்தைப் பிழை விடும் பிள்ளைக்குத் திருத்தமான நடத்தையைக் காட்டாது தண்டனையை மட்டும் காட்டுவதைப் பல வகுப்புகளிலே காணலாம். ஆயினும் படித்து ஒப்புவிக்கும் பாடம் ஒன்றே நடத்தையாகி விடுவதில்லை. அமெரிக்காவிலே 1968இல் மட்சன், பெக்கர், தோமஸ் என்னும் மூவர் ஆரம்ப வகுப்புகளில் நடத்திய ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. வகுப்பு விதிகளை எழுதி மாட்டி நாடோறும் நினைவூட்டிய அளவில் பிள்ளைகளின் நடத்தையிலே குறிப்பிடத்தக்க மாற்றம் நிகழவில்லை. சிறு தவறுகளைப் பொருட்படுத்தாது விட்டு, விதிப்படி நடந்தபோது ஆசிரியர் பாராட்டத் தொடங்கியதும் மாற்றம் நன்கு தோன்றிற்று.

அவ்வாய்வாளரைச் சார்ந்தோர் நடத்திய வேறொரு சோதனை எளிமையிலும் சுவையிலும் சிறந்தது. ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்பொன்றிலே, இருக்கையை விட்டு எழுந்து திரியும் பிள்ளைகளை நோக்கி ஆசிரியர்கள் அடிக்கடி ‘இரு’ என்று கூறிவந்தனர். சோதனைக்காக இக்கட்டளையின் தொகையை ஆசிரியர்கள் கூட்டினர். எழுந்து திரிவோரின் தொகையும் கூடிற்று. கட்டளையைக் குறைத்தபோது அதுவும் குறைந்தது. இருந்து வேலை செய்யும் பிள்ளைகளைப் பாராட்டத் தொடங்கியபோது மேலும் குறைந்தது. கட்டளை பிறந்த கணத்திலே அப்பிள்ளை அமர்ந்தமையால், கட்டளை பயன்தந்ததென்றே ஆசிரியர் கருதியிருப்பர். எழுந்தால் ஆசிரியரின் கண்ணும் சொல்லும் தன்பால் வரும், இருந்தால் வாரா என்பதையன்றோ அவ்வகுப்பு கற்றுக்கொண்டது! நாற்பது பிள்ளைகளுக்கு ஒருவரே ஆசிரியராயுள்ள இடத்திலே அவருடைய கவனம் பிள்ளைகள் விரும்பித் தேடும் அரிய பொருள். குறும்பு செய்வோர்க்கே அப்பொருள் வழங்கப்படுமாயின் குறும்பு பெருகும்.

அமெரிக்கக் கல்வியாளர் ஜேக்கப் கூனின் இவ்வாராய்ச்சிக்குள் வந்த வரலாறும் அறியத்தக்கது. தம் விரிவுரையின்போது செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவனை அவர் கண்டித்தார். கண்டிக்கப்படாத மற்றையோரின் முகமும் மாறியதைக் கண்டு, கண்டனம் சுற்றிலுள்ளோரை எவ்வாறு தாக்குகின்றது என ஆராயப் புகுந்தார். எவ்வகைக் கண்டனம் வகுப்பை நன்கு அடக்கும் என்பதை அறிவதே அவர் நோக்கம். பல்லாண்டு ஆராய்ந்தும், வகுப்புகளைப் படமெடுத்து நோக்கியும், ஒழுங்குள்ள வகுப்பின் ஆசிரியரும் ஒழுங்கற்ற வகுப்பின் ஆசிரியரும் கண்டிக்கும் முறையில் வேறுபாடு புலப்படவில்லை. வேறுபாடு கண்டனத்துக்கு முன்னே இருந்தது. வகுப்பின் எம்மூலையில் என்ன நிகழ்கின்றதென்று ஆசிரியருக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகள் உணர்ந்திருந்தனர். இரு செயல்களை ஒருங்கே கவனிக்கும் ஆற்றல் ஆசிரியருக்கு இருந்தது. ஒரு வேலையினின்று மற்றொன்றுக்கு வகுப்பு தடங்கலின்றிச் சென்றது. இக்கருத்துகளை 1970இல் வெளிவந்த தம் நூலிலே அவர் விளக்கினார். கணக்குக் கொப்பியை எடுக்கச் சொல்லிவிட்டு, எல்லாரும் எடுத்தபின்னர், ‘முன்னைய பாடத்தில் எத்தனை பேர் சொல்வதெழுதல் முழுதும் சரியாக எழுதினீர்கள்?’ என்று வினவும் ஆசிரியரைக் கருதுக. அந்த அரை நிமிடத்திலே வகுப்பு சிதறும். சிதறிய வகுப்பை அடக்கக் கண்டனம் வேண்டியதாகும். கண்டிக்கப்பட்ட பிள்ளையோ தான் செய்த குற்றம் யாதென்று அறியாது விழிக்கும்.

ஆதலின் ஆரம்ப பாடசாலையிலே ஒழுங்கு குலையும் இடங்களை ஆராயின், அவை பெரும்பாலும் பாடத்தின் நடுவில் அல்ல, பாடங்களின் இடைவெளியிலே உள்ளமை புலனாகும். காலை வழிபாடு முடிந்து வகுப்புக்குள் நுழைதல், கொப்பிகளைப் பகிர்தல், கரும்பலகையைப் பார்த்தெழுதி முடித்தோர் முடிக்காதோர்க்காகக் காத்திருத்தல், இடைவேளை மணிக்குப்பின் நீர்க்குழாயடியில் நெருங்குதல், மழை நாளிலே மண்டபத்துக்குள் அடைபட்டிருத்தல் ஆகிய இவையே குழப்பத்தின் ஊற்றுக்கள். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நடைமுறையை வகுத்து, அதனைப் பாடம் கற்பிப்பதுபோலவே கற்பித்தல் வேண்டும். கொப்பி பகிர்தலை எடுத்துக்கொள்வோம். நாற்பது பிள்ளைகளும் ஆசிரியரின் மேசையைச் சூழ்ந்து தத்தம் கொப்பியைத் தேடுவதே பல வகுப்புகளின் வழக்கம். இதற்கு மாறாக, ஒவ்வொரு வாங்கின் ஓரத்திலுள்ள பிள்ளை தன் வாங்குக்குரிய கொப்பிகளைப் பெற்றுப் பகிர்ந்து, தன் இருக்கைக்கு மீளும் முறையை ஆசிரியர் முதலில் தாமே நடந்து காட்டுவார். பின் ஒரு வாங்கினர் செய்து காட்டுவர், மற்றையோர் நோக்குவர். பிழைபட்ட இடத்தை ஆசிரியர் எடுத்துக்காட்ட, மீண்டுஞ் செய்வர். அதன் பின்னரே முழு வகுப்பும் செய்யும். முதல் நாளில் இதற்குக் கால்மணி நேரம் செல்லலாம். இரண்டாங் கிழமையில் ஒரு நிமிடத்துக்குள் முடியும்.

ஆண்டின் தொடக்கத்தில் இதற்கெல்லாம் நேரமில்லை, பாடத்திட்டம் நீண்டுள்ளது என்று கூறும் ஆசிரியர் பலர். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் முதலாம் வகுப்பு வரை நீண்டு விழுகின்ற நாட்டிலே இம்முறையீடு பொய்யன்று. எனினும் கணக்கிட்டு நோக்கல் நன்று. நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளைகள் எனக் கொண்டு, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் மூன்று நிமிடம் குழப்பத்தில் வீணாகின்றதெனின், நாளுக்கு 24 நிமிடம். ஐந்து நாட் கிழமைக்கு இரண்டு மணி நேரம். தை மாதத்தின் முதலிரு கிழமைகளிலே செலவிட்ட நேரம் பங்குனிக்கு முன்னரே மீண்டுவிடும்.

வகுப்பு விதிகளைப் பற்றியும் ஒரு சொல். சுவரிலே பதினைந்து விதிகள் எழுதப்பட்டிருப்பதையும், அவற்றுட் பன்னிரண்டு ‘செய்யாதே’ என முடிவதையும் காணலாம். ஓடாதே என்னும் விதி ஓடலைத் தடுக்க முயல்கின்றது. நடந்து செல் என்னும் விதியோ செய்யவேண்டிய செயலைக் கூறுகின்றது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது எளிது. நான்கு அல்லது ஐந்து விதிகளே போதும்.

இனிப் பாராட்டு. பாராட்டு வேண்டும் என்பதை உடன்படாத ஆசிரியர் இல்லை. பாராட்டும் முறையை ஆராய்ந்தவரோ சிலர். ‘நீ நல்ல பிள்ளை’ என்னும் சொல் பிள்ளைக்கு மகிழ்ச்சி தரும். எதனை மீண்டுஞ் செய்யவேண்டும் என்பதை அறிவியாது. ‘தம்பி, மற்றவர் பேசி முடியும்வரை பொறுத்திருந்து கையை உயர்த்தினாய்’ என்னும் சொல் அறிவிக்கும். செயலைக் குறித்துச் சொல்லுதலும், அச்செயல் நிகழ்ந்த உடனேயே சொல்லுதலும், சில பிள்ளைகளுக்கு அருகிற் சென்று மெல்லச் சொல்லுதலும் பயன் தரும். பாராட்டின் பெயரால் ஒருவரை உயர்த்தி மற்றையோரைத் தாழ்த்துதல் ஆகாது. ‘பார், அவள் எவ்வளவு அழகாக இருக்கின்றாள், நீயும் இருக்கின்றாயே’ என்பது பாராட்டின் ஆடையணிந்த இகழ்ச்சியே.

பரிசுப் பொருள்களைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 1973இல் லெப்பர், கிறீன், நிஸ்பெற் என்போர் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பாலர் பள்ளியிலே, இயல்பாகவே சித்திரம் வரைவதில் விருப்பமுள்ள பிள்ளைகளைத் தெரிந்து, வரைந்தால் பொன் முத்திரையும் நாடாவும் உடைய சான்றிதழ் தருவதாகக் கூறி ஒரு பகுதியினரை வரையச் செய்தனர். வேறொரு பகுதியினர் எதுவும் எதிர்பாராது வரைந்தனர். சில நாட்கள் சென்றபின், பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகளே தாமாகச் சித்திரம் வரைதலிற் குறைந்த நேரத்தைச் செலவிட்டனர். விரும்பிச் செய்யும் செயலுக்குக் கூலி பேசினால் விருப்பம் வாடும் என்பது இதன் கருத்து. எனவே கதை வாசிப்பதில் மகிழும் பிள்ளைக்கு வாசித்ததற்காக நட்சத்திர முத்திரை ஒட்டுதல் வேண்டாத வேலை. இயல்பாக வராத பழக்கத்தைத் தொடக்கி வைப்பதற்கு மட்டும் சிறு பரிசுகள் உதவலாம். பழக்கம் வேரூன்றியதும் பரிசைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும்.

இக்கருத்துகள் எல்லாம் ஒருங்கே செயற்படுவதைக் காண்பதற்கு ஓர் ஆசிரியையின் வகுப்பறைக்குச் செல்லுதல் வேண்டும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள போல்ட்வின் நகரிலே நான்காம் வகுப்பைக் கற்பித்தவர் மியூரியல் சோண்டர்ஸ். அவருடைய வகுப்பில் இருந்த இருபத்துநான்கு பிள்ளைகளுள் எழுவர் குழப்பத்தின் பொருட்டு அதிபரிடம் பலமுறை அனுப்பப்பட்டவர்கள். 1967இல் அவர் ஓர் ஆட்டத்தை அமைத்தார். வகுப்பு இரு அணிகளாக்கப்பட்டது. அனுமதியின்றி இருக்கையை விட்டெழுந்தாலும் பேசினாலும் அப்பிள்ளையின் அணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு. பாடவேளை முடிவில் குறைந்த கோடுகள் பெற்ற அணி வெற்றிபெறும். இரு அணியும் ஐந்துக்கு மேற்படாவிடின் இரண்டுமே வெற்றிபெறும். பரிசுகளோ மிக எளியவை: ஓர் அடையாள அட்டை, பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம், உணவுக்கு முதலில் வரிசையில் நிற்றல், நாளின் இறுதியில் விருப்பமான வேலைக்கு அரைமணி நேரம். பார்வையாளர் நேரத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் குறித்தனர். முன்னர்ப் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட பகுதிகளில் நிகழ்ந்த அனுமதியற்ற பேச்சு, ஆட்டத்தின்போது பத்தில் ஏறத்தாழ இரண்டாகக் குறைந்தது. ஆட்டம் கணித வேளையில் மட்டும் நடந்தபோது கணித வேளையே திருந்திற்று. அதனை வாசிப்பு வேளைக்கு மாற்றியதும் கணித வேளை பழைய நிலைக்கு மீண்டது. மாற்றத்துக்கு ஆட்டமே காரணம் என்பது இதனால் உறுதியாயிற்று. ஹரியற் பரிஷ், மொன்ற்றோஸ் வூல்வ் ஆகியோருடன் சேர்ந்து அவர் இதனை 1969இல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்.

இவ்வாட்டத்தின் திறம் எதன்கண் உள்ளது? சரசுவதியின் பெயரை ஒருவரே பெறத்தக்கதாக அமைத்த பல்லாரி முறையோடு இதனை ஒப்பிடுக. இங்கே எல்லாரும் வெல்லலாம். விதி எளிது, எல்லார்க்கும் ஒன்று. தவறு நிகழ்ந்ததும் ஆசிரியர் கோடொன்றைக் கீறுவார். நீண்ட உரையும் இல்லை, சினமும் இல்லை. குறும்பைக் கண்டு நகைத்து ஊக்கிய தோழரே இப்பொழுது அதனை ஊக்குவதில்லை. சட்டாம்பிள்ளை ஒருவனுக்கு மட்டும் இருந்த பொறுப்பு வகுப்பு முழுவதற்கும் பகிரப்பட்டது எனலாம்.

பல்ரிமோர் நகரிலே இதனை மேலும் விரித்து ஆராய்ந்தவர் ஷெப்பட் கெலம் என்னும் உளமருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும் ஆவர். 1985–86ஆம் பாடசாலை ஆண்டில் 19 ஆரம்ப பாடசாலைகளைச் சேர்ந்த 41 முதலாம் வகுப்புகள் அவ்வாராய்ச்சியில் அடங்கின. தெரிந்தெடுத்த வகுப்புகளிலே பிள்ளைகள் ஈராண்டு இவ்வாட்டத்தை ஆடினர். தொடக்கத்தில் கிழமைக்கு மூன்று முறை, பத்து நிமிடம் மட்டும்; நாளடைவில் நேரம் கூட்டப்பட்டது; பின்னர் முன்னறிவிப்பின்றியே ஆட்டம் நடைபெற்றது; உடனே தந்த பொருட்பரிசு சுணங்கித் தரும் பாராட்டாக மாறிற்று. முரட்டுப் பிள்ளைகளை ஓரணியிற் குவியாது எல்லா அணிகளிலும் பகிர்ந்தமை குறிப்பிடத்தக்கது. அப்பிள்ளைகள் 19 முதல் 21 வயதை எய்தியபோது மீண்டும் ஆராயப்பட்டனர். முதலாம் வகுப்பிலே மிக்க முரட்டுத்தனமுடையோராயிருந்த ஆண்பிள்ளைகளுள், ஆட்டம் நிகழ்ந்த வகுப்பினரிடையே போதைப்பொருட் பழக்கமும் சமூக விரோத நடத்தையும், ஆட்டம் நிகழாத வகுப்பினரிடையே இருந்ததினும் குறைந்திருந்தன. பெண்பிள்ளைகளிடையே அத்துணை வேறுபாடு காணப்படவில்லை. எந்தப் பிள்ளை திண்ணைப் பள்ளியில் மிகுந்த அடிகளைப் பெற்றிருக்குமோ, அந்தப் பிள்ளைக்கே இம்முறை மிகுந்த நன்மை செய்தது என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது.

எனினும் இவ்வாட்டத்தை மந்திரமெனக் கருதலாகாது. பல்ரிமோரிலேயே அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதே ஆசிரியர் அதே ஆட்டத்தை நடத்தியபோது, ஆசிரியர்க்குக் கிடைத்த பயிற்சியும் துணையும் குறைந்திருந்தன, பயனும் குறைந்தது. இங்கிலாந்திலே 77 ஆரம்ப பாடசாலைகளில் ஈராண்டு நிகழ்ந்த சோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. பிள்ளைகளின் வாசிப்பிலே முன்னேற்றம் காணப்படவில்லை. நடத்தையிலும் பொதுவாக மாற்றம் தோன்றவில்லை. பல பாடசாலைகளிலே ஆட்டம் குறித்த அளவுக்கு ஆடப்படவில்லை. சிலவற்றில் இடையிலே கைவிடப்பட்டது. அதிபரும் உடனாசிரியரும் துணைநில்லாத இடத்திலே தனியாசிரியர் ஒருவர் தொடங்கும் எந்த முறையும் மாசிப் பனியோடு மறைவதை இங்குள்ளோரும் அறிவர்.

வேறொரு குறையையும் மறைத்தல் முறையன்று. அணியின் தோல்விக்குக் காரணமான பிள்ளையை இடைவேளையில் மற்றையோர் நெருக்குவரேல், ஆசிரியரின் பிரம்பு தோழர் கைக்கு மாறியதாகவே முடியும். கன்சாஸ் வகுப்பிலும் இருவர் ஆட்டத்தில் சேரமாட்டோமென்று கூறி வேண்டுமென்றே கோடுகளைக் கூட்டினர். சோண்டர்ஸ் அவர்களுக்காக அவர்தம் அணியைத் தண்டிக்கவில்லை. அவ்விருவரையும் அணியினின்றும் பிரித்து, அவர்களின் கோடுகளைத் தனியே எண்ணினார். அணிகளை அடிக்கடி மாற்றியமைத்தலும், கோடு கீறுகையிற் பிள்ளையின் பெயரை உரைக்காது விடுதலும், வெற்றி பெறாத அணிக்கு மறுநாளே வெற்றி எட்டுமாறு எல்லையை இளக்கி வைத்தலும் இவ்விடரைக் குறைக்கும்.

இத்தனையும் செய்தபின்னும் வகுப்பொன்றிலே இரண்டொரு பிள்ளைகள் அடங்காது நிற்பர். இவர்களை ‘அடங்காப்பிள்ளை’ எனப் பெயரிட்டு மேல்வகுப்பு ஆசிரியருக்குக் கையளித்தல் எளிய வழி. அப்பெயர் பிள்ளைக்கு முன்னே மேல்வகுப்புக்குச் சென்று காத்திருக்கும். அதனிலும் பயனுள்ள வழி ஒரு சிறு குறிப்புப் புத்தகம். பத்துப் பாடசாலை நாட்களுக்கு, அப்பிள்ளை எழுந்து திரிந்த அல்லது பிறரை அடித்த நேரம், அதற்கு முன்னே வகுப்பில் நடந்தது, அதற்குப் பின்னே நேர்ந்தது ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதுதல் வேண்டும். கரும்பலகையைப் பார்த்தெழுதும் வேளைகளிலே குறிப்புகள் குவியுமாயின், கண் பரிசோதனைக்கு அனுப்புதலே முதற் பரிகாரம்; அதுவரை முன்வாங்கிலே இடந் தரலாம். பின்னிருந்து அழைத்தபோது திரும்பாமை பலமுறை எழுதப்பட்டிருப்பின் செவியைச் சோதித்தல் வேண்டும். வாசிப்பு வேளையிலே குவிந்தால், எழுத்தறியாமையை மறைக்கவே குறும்பு எழுகின்றதா என்று தனியே வாசிக்கக் கேட்டறியலாம். இடைவேளைக்கு முந்திய பாடவேளையிலே குவியுமாயின், அப்பிள்ளை காலையில் ஏதும் உண்டு வருகின்றதா என்று, மற்றையோர் கேளாதவாறு, தாயிடமோ பேர்த்தியிடமோ விசாரித்தல் வேண்டும்.